தோணியில் வருவதும் காற்றில் வருவதும்: யாழ்ப்பாணத் தீவகத்தில் கௌபியின் பூச்சிப் பீடைகள்

தீவகத்தில் கௌபி விதைப்பவர்கள் பூச்சியைப் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: என்ன மருந்து அடிப்பது? கைநூல்களின் ஒழுங்கும் இந்தக் கேள்விக்கு ஏற்றதாகவே இருக்கிறது. பூச்சியின் பெயர், சேதத்தின் அறிகுறி, பீடைநாசினி, அளவு என்று அது போகும். பெருநிலத்துக்கு அந்த ஒழுங்கு ஓரளவு பொருந்தலாம். கடல் சூழ்ந்து, மண் மெலிந்து, நன்னீர் ஒரு மெல்லிய படையாக மட்டும் கிடைக்கும் நிலத்துக்கு அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கு முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பூச்சி எந்த வழியாக என் பயிருக்கு வந்தது என்பதாகும். சில பூச்சிகள் விதைச் சாக்கோடு தோணி ஏறி வருகின்றன. சில காற்றோடு வருகின்றன. சில எங்கிருந்தும் வருவதில்லை. வேலியிலும் தரிசிலும் ஆண்டு முழுதும் குடியிருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே தெளிகருவியால் விடை காண முனைவதால்தான் செலவு ஏறுகிறது, விளைச்சல் ஏறுவதில்லை.

நிலத்திலிருந்து தொடங்குவோம். தீவகம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் தீவுகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவை பண்ணைப் பாலத்தாலும் அதற்கு அப்பாலுள்ள தாம்போதிகளாலும் யாழ்ப்பாண நகரோடு தரைவழியாகத் தொடுக்கப்பட்டவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போவதென்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். அனலைதீவும் எழுவைதீவும் அப்படியே கடலால் பிரிந்து நிற்பவை. பூச்சியியலில் இந்த வேறுபாட்டுக்குப் பெரும் பொருள் உண்டு என்பதைக் கீழே காட்டுவேன்.

மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக் காற்றோடு வந்து முடிந்துவிடும். அதன்பின் வெயில், வைகாசிக்குப் பின் சோளகம். சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த மண் பல இடங்களில் ஒரு முழம்கூட இல்லை. நெடுந்தீவில் நிலத்தில் கிளறி எடுத்த முருகைக்கல்லை அடுக்கியே காணிகளுக்கு மதில் கட்டியிருக்கிறார்கள். மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புகளூடே விரைந்து இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையைச் சேர்கிறது. வயலில் தெளிக்கும் எதுவும் அதே வெடிப்பு வழியாக அதே நீரைச் சேரக்கூடும். குடிநீரைப் பவுசரில் எதிர்பார்த்திருக்கும் ஊர்களில், இருக்கிற நல்ல கிணறு ஒன்று கெடுவது பயிர் கெடுவதிலும் பெரிய இழப்பு. ஆகவே பீடைநாசினியைக் குறைப்பது இங்கு நீர் முகாமைத்துவத்தின் ஒரு பகுதி.

கௌபி இந்த நிலத்துக்கு ஏற்ற பயிர். வறட்சியைத் தாங்கும், 60 முதல் 75 நாளில் காய் முற்றும், மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். மாரியில் மேட்டுநிலத்தில் மழையை நம்பி விதைக்கலாம். நெல் வெட்டியபின் எஞ்சிய ஈரத்தில் தை, மாசியில் விதைக்கலாம். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் எம்.ஐ. 35, வாருணி, தவல போன்ற இனங்கள் விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரையில் உள்ளவை. குறுகிய ஆயுள் ஒரு பாதுகாப்பும்கூட. பூச்சி பெருகி முடிவதற்குள் பயிர் முடிந்துவிட வேண்டும் என்பதே பருப்புப் பயிர்களின் பீடை முகாமைத்துவத்தில் முதல் சூத்திரம்.

தோணியில் வருவது

சேமிப்பு வண்டிலிருந்து தொடங்குவது வழக்கத்துக்கு மாறானது. வயலில் தொடங்கிக் களஞ்சியத்தில் முடிப்பதே பாடநூல் முறை. ஆனால் தீவகத்தில் கௌபிக்கு உண்டாகும் இழப்பில் நாம் உண்மையில் முழுதாகத் தடுக்கக்கூடிய பகுதி இதுதான். அதனால் இதை முதலில் வைக்கிறேன்.

கலோசோபுரூக்கஸ் மக்குலேற்றஸ் என்ற சிறு வண்டு முட்டையைப் பயற்றின் தோலில் ஒட்டுகிறது. புழு நேரே உள்ளே துளைத்துப் புகுந்து, உள்ளேயே வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வட்டத் துளையொன்றின் வழியே வண்டாக வெளியேறுகிறது. எங்கள் வெப்பத்தில் இந்தச் சுற்று ஏறத்தாழ நான்கு கிழமையில் முடிகிறது. வெளியேறிய வண்டுக்குத் தீனி தேவையில்லை. இரண்டு கிழமை அளவில் வாழும். அதற்குள் ஒரு பெண் வண்டு 80 முட்டை வரை இடக்கூடும். பாதி பெண் என்று கொண்டால், எல்லாம் பிழைத்தால், அடுத்த தலைமுறையில் 3,200 முட்டை. எல்லாம் பிழைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் மாசியில் அறுத்த விதையை அடுத்த ஐப்பசிக்கு வைத்திருப்பவர் எட்டு மாதம், அதாவது எட்டுத் தலைமுறை வண்டுக்கு இடம் கொடுக்கிறார். சாக்கை அவிழ்க்கும்போது துளை விழுந்த பயறும் வெள்ளை மாவும் இருப்பதில் வியப்பில்லை. விதை கெட்டவர் யாழ்ப்பாணச் சந்தையில் வேறு விதை வாங்கிப் படகில் ஏற்றுகிறார். அந்தச் சாக்கிலும் முட்டை இருக்கிறது. கெட்ட விதையால் வாங்கிய விதை, வாங்கிய விதையால் மீண்டும் வண்டு என்ற இந்த வட்டம் வெட்டப்படாமல் வயலில் செய்யும் எந்த முயற்சியும் நிலைக்காது.

விதையோடு வருவது வண்டு மட்டுமன்று. கருங்கண் கௌபி மொசைக் வைரசு போன்றவை விதைக்குள்ளேயே கடந்து வருபவை. நோயுற்ற விதை முளைத்து நிற்கும் ஒரு செடியே போதும். அழுக்கணவன் அதிலிருந்து வயல் முழுவதற்கும் நோயைக் கொண்டுபோகும். நோய் தோணியில் வருகிறது, காற்றில் பரவுகிறது. இரண்டு வழியும் சந்திக்கும் இடம் விதை. அதனால்தான் விதையை நான் முதன்மையாகக் கொள்கிறேன்.

கடலால் பிரிந்த தீவுகளுக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. இந்த வண்டு தூரம் பறந்து கடல் கடக்கும் பூச்சியன்று. மனிதர் சுமந்து செல்லும் பூச்சி. நெடுந்தீவிலோ அனலைதீவிலோ விளையும் விதையை அங்கேயே வெப்பமூட்டிக் காற்றடைத்து வைத்தால், வெளியிலிருந்து விதை வாங்கும் தேவை குறையும்; வண்டின் வரவும் குறையும். முற்றாக நிறுத்த முடியும் என்று நான் சொல்லவில்லை. சமையலுக்கான கௌபியும் கடைகளுக்குப் படகில்தான் வருகிறது. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் நயினாதீவில் உணவுத் தானியத்தின் வரவை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகவே துறைமுகத்தில் வைக்கும் தடையைக் காட்டிலும் வீட்டில் வைக்கும் தடையே நிலைக்கும். விதைக்கு வைக்கும் பயறு சமையற் பயற்றோடு ஒரே அறையில் இருக்கக்கூடாது என்ற விதியொன்றே பெரும் பயன் தரும்.

வெப்பமூட்டும் முறை புதிதன்று. 1980களின் பிற்பகுதியில் கமரூனில் தொடங்கிய ஆய்வுகளில் பேர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மேர்டொக்கும் உடனாய்வாளர்களும் கௌபியை 57 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்தால் முட்டை முதல் வண்டு வரை எல்லாப் பருவமும் சாகும் என்று காட்டினர். அதற்கு வேண்டியது ஒரு கறுப்புப் பொலித்தீன், ஒரு கண்ணாடிப் பொலித்தீன், அடியில் வெப்பம் இறங்காதிருக்கப் பனையோலைப் பாய், ஓரங்களை அழுத்தக் கற்கள். நன்கு உலர்ந்த பயற்றை ஒரு விரல் கனத்துக்கு மிகாமல் பரப்பி உச்சி வெயிலில் மூடி வைக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலை எதிர்த்துப் போராடும் நிலம் அந்த வெயிலையே இவ்வாறு விதைக்குக் காவலாக்கலாம். அதிக நேரம் வைத்தால் முளைதிறன் குறையக்கூடும் என்பதால் முதன்முறை செய்பவர் சில விதைகளை நனைத்து முளைக்க வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்வது நல்லது.

அடுத்தது காற்றடைத்தல். மேர்டொக்கின் குழு பின்னர் மூன்று படைகள் கொண்ட பையை உருவாக்கி மேற்கு ஆபிரிக்காவெங்கும் பரப்பியது. உள்ளே இருக்கும் புழு ஒட்சிசனை மூச்சிழுத்து முடிக்க, வளர்ச்சி தானாக நிற்கிறது. அந்தப் பை இங்கு கிடைக்காவிட்டால் குறையில்லை. குடிநீர் சேமிக்கும் பிளாத்திக்குக் கான்கள் இல்லாத வீடு தீவகத்தில் அரிது. உலர்ந்த கானில் வாய்வரை பயற்றை நிரப்பி, மூடியை மெழுகால் அடைத்தால் அதே வேலை நடக்கும். வாய்வரை நிரப்புவது முக்கியம். பாதிக் கானில் காற்று மிஞ்சும், வண்டும் மிஞ்சும். கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய் பூசுவதும், சலித்த சாம்பலைப் படைபடையாக இடுவதும் சிறிய அளவுக்குப் பயன் தருபவை. வேப்பிலையை இடையிடையே போட்டு வைப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது வண்டைத் தாமதப்படுத்தலாம், அழிக்காது.

வண்டின் முதல் முட்டை பெரும்பாலும் வயலிலேயே, உலர்ந்து நிற்கும் நெற்றின் மேல் இடப்படுகிறது. கௌபி ஒரே முறையில் முற்றுவதில்லை. கடைசிக் காய்க்காக முதற்காய்களைச் செடியில் விட்டு வைப்பவர் வண்டையும் சேர்த்தே அறுக்கிறார். சில நாளுக்கு ஒருமுறை முற்றிய காயைப் பறிப்பதும், விதைக்கு முதற்பறிப்பை ஒதுக்குவதும் செலவில்லாத தடுப்பு.

காற்றில் வருவது

ஏஃபிஸ் கிராசிவோரா என்ற கறுப்பு அழுக்கணவனுக்குக் கடல் தடையன்று. கூட்டம் பெருத்ததும் சிறகுள்ள பெண்கள் தோன்றிக் காற்றில் ஏறிவிடும். இறங்கும் இடத்தில் இணையில்லாமலே குஞ்சு ஈனும். ஒரு கிழமைக்குள் அந்தக் குஞ்சும் ஈனத் தொடங்கும். இளந்தளிரும் பூந்தண்டும் கறுத்துச் சுருண்டு, எறும்பு ஏறி இறங்குவதைக் கண்டதும் மருந்தடிக்கத் தோன்றுவது இயல்பு. அந்த இடத்தில்தான் இரண்டு பிழைகள் நேர்கின்றன.

முதலாவது, மொசைக் வைரசைப் பற்றியது. இவ்வகை வைரசு அழுக்கணவனின் ஊசிவாயில் மட்டும் தங்குவது. நோயுற்ற செடியை ஒருமுறை குத்திப் பார்த்து, அடுத்த செடியைக் குத்தும் சில வினாடிகளில், சில நிமிடங்களில் அது கடந்துவிடும். எந்தப் பீடைநாசினியும் அத்தனை விரைவாகக் கொல்வதில்லை. சில மருந்துகள் பூச்சியை அமைதியிழக்கச் செய்து மேலும் பல செடிகளைக் குத்தவைக்கவும் கூடும். மொசைக்கைத் தடுக்க அழுக்கணவனுக்கு மருந்தடிப்பது பயனற்ற செலவு. அதற்கு மாற்று, தூய விதையும், முதல் மூன்று கிழமைக்குள் மொசைக் காட்டும் செடியைப் பிடுங்குவதும், வயலைச் சுற்றி இறுங்கு அல்லது சோளன் இரண்டு வரிசை முன்கூட்டியே நடுவதும்தான். காற்றில் வரும் அழுக்கணவன் முதலில் அந்த வரிசையில் இறங்கிக் குத்தும்போது வாயிலுள்ள வைரசை அங்கேயே இழந்துவிடும். வரிசை காற்றையும் உடைக்கும்.

இரண்டாவது பிழை, எதிரிகளைக் கொல்வது. ஆறுபுள்ளிப் பொறிவண்டும் அதன் புழுவும், பூ ஈக்களின் புழுக்களும், கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் புழுக்களும் அழுக்கணவன் கூட்டத்தைத் தேடி வருபவை. அவை பெருகச் சில நாட்கள் வேண்டும். உழவருக்கு அந்தச் சில நாட்களின் பொறுமை இல்லை. பரந்த வீச்சுள்ள மருந்தொன்றை அடித்தால் இரண்டும் சாகும். பின்னர் காற்றில் முதலில் திரும்பி வருவது அழுக்கணவன். பொறிவண்டு பிந்தித்தான் வரும். தீவில் இந்தப் பின்னடைவு இன்னும் நீளும் என்று நினைக்கக் காரணமுண்டு, ஏனெனில் இரைகொல்லிகள் பெருகும் பயிர்ப்பரப்பு இங்கு சிறிது.

இந்த இடத்தில் வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டங்களைச் சுற்றி நடப்படும் சீமைக்கிளுவை இந்த அழுக்கணவனுக்குப் பிடித்த மரம். தளிர்விடும் காலத்தில் அதன் கொழுந்துகள் கறுத்து மொய்த்திருப்பதைக் காணலாம். ஆகவே வேலியை வெட்டிவிட வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் உடன்படவில்லை. வேலியிலுள்ள அழுக்கணவனில் பொறிவண்டும் வளர்கிறது. கட்டாக்காலி மாடுகளும், நெடுந்தீவில் மட்டக் குதிரைகளும் திரியும் நிலத்தில் வேலியை இழப்பது பயிரை இழப்பதற்குச் சமம். அதன் குழை பசளையும் ஆகும். செய்ய வேண்டியது கவ்வாத்தின் நாளை மாற்றுவது. கௌபி விதைப்பதற்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே குழையை வெட்டி மண்ணில் இட்டால், பயிர் முளைக்கும் நாளில் அழுக்கணவன் ஏறிய கொழுந்து பக்கத்தில் இராது; பின் வேலி துளிர்க்கும்போது பொறிவண்டுக்கு இடம் கிடைக்கும்.

வேலியிலும் தரிசிலும் இருப்பது

போஞ்சி ஈ மிகச் சிறியது. மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. அதன் சேதம் பூச்சியால் நேர்ந்தது என்றே பலருக்குத் தெரிவதில்லை. இளஞ்செடியின் இலையில் முட்டையிட்டு, புழு காம்பின் வழியே தண்டுக்குள் இறங்கி, நிலமட்டத்தில் தோலுக்கடியில் கூட்டுப்புழுவாகிறது. செடி மஞ்சளித்துச் சாய்கிறது. வேர்அழுகல் என்றோ நீர் போதவில்லை என்றோ நினைக்கிறார்கள். சாய்ந்த செடியைப் பிடுங்கி அடித்தண்டின் தோலை நகத்தால் உரித்தால் கபில நிறக் கூட்டுப்புழு தெரியும். முதல் மூன்று நான்கு கிழமையைச் செடி தாண்டிவிட்டால் இந்த ஈயால் பெரிய கேடு இல்லை.

இந்த ஈ பயறு, உழுந்து, பயற்றை எல்லாவற்றிலும் வாழும். ஊரில் ஒருவர் கார்த்திகையில் விதைக்க, இன்னொருவர் மார்கழியில், மற்றொருவர் தையில் விதைத்தால், முன்னவரின் வயல் பின்னவரின் வயலுக்கு ஈயை வளர்த்துக் கொடுக்கிறது. பிந்தி விதைத்தவர் எத்தனை முறை மருந்தடித்தாலும் அவர் வயலே அதிகம் கெடும். இதற்குத் தனி உழவரால் விடை காண முடியாது. கமக்காரர் அமைப்பு கூடி, ஒரு குறிச்சியின் பருப்புப் பயிர் எல்லாம் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடிக்கப்பட வேண்டும் என்று நாள் குறிப்பதே விடை. நெல்லுக்கு விதைப்பு நாளைக் கூட்டத்தில் தீர்மானிக்கும் வழக்கம் நமக்கு உண்டு; கௌபிக்கு அதை நீட்டிப்பதில் தடை எதுவும் இல்லை. இதோடு முளைத்த இரண்டு மூன்று கிழமையில் மண் அணைத்தால் தண்டு புதுவேர் விட்டுப் பல செடிகள் பிழைக்கும். திணைக்களம் பரிந்துரைக்கும் விதை நேர்த்தி மருந்தை நான் எதிர்க்கவில்லை. ஈ தொல்லை தொடரும் நிலத்தில் விதையில் பூசும் சிறு அளவு, வயல் முழுதும் தெளிக்கும் பேரளவை விட நீருக்குப் பாதுகாப்பானது. அறுவடை முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட வேண்டும். இயற்கை எதிரியால் இந்த ஈயை அடக்கிய முன்னுதாரணமும் உண்டு: 1969இல் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோன ஒப்பியஸ் பேசியோலி என்ற ஒட்டுண்ணிக் குளவி அங்கு இதைப் பெரிதும் குறைத்தது.

மருக்கா விற்றாற்றா என்ற காய்துளைப்பானின் அந்து இரவில் பூமொட்டில் முட்டையிடும். புழு மொட்டுக்குள் புகுந்து, பூக்களையும் காய்களையும் நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும். பிணைந்த பூவைக் கண்டபின் அடிக்கும் மருந்து புழுவைத் தொடுவதில்லை. வயல் மருந்தடிப்பில் பெரும்பகுதி வீணாவது இங்கேதான். காலம் தவறிய பிறகு அளவை இரட்டிப்பாக்குவதால் பயனில்லை. மொட்டு விடும் கிழமையில், விதைத்த 30 முதல் 35 நாளில், வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் சில செடிகளின் மொட்டைக் கையால் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறு புழு பரவலாகக் காணப்பட்டால் மட்டும், மாலையில், வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். லீற்றருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்தால் போதும். வெயில் அதன் வீரியத்தைக் குறைப்பதால் மாலை நேரம் வேண்டும். கௌபிப் பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடுவதால் தேனீக்கும் மாலை பாதுகாப்பு. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தை அப்போதே பொறுக்கி நிழலில் உலர்த்தி வைக்காதவருக்கு மார்கழியில் சாறு கிடைக்காது.

இந்த அந்து தென்கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டது என்று கருதப்படுகிறது. ஆபிரிக்காவில் அதன் கேடு மிகுதி. அதனால் நைஜீரியா 2019இல் மரபணு மாற்றிய கௌபிக்கு ஒப்புதல் வழங்கியது. பெனினில் ஆய்வாளர்கள் ஆசியாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆபிரிக்கா கடல் கடந்து தேடிப்போகும் இயற்கை எதிரிகள் வாழும் கண்டத்தில் இருந்துகொண்டு, அவற்றை நாம் தெளிகருவியால் அழிப்பது பெரும் தவறு.

காய் உறிஞ்சும் நாவாய்ப் பூச்சிகளைக் காலைக் குளிரில் மந்தமாக இருக்கும்போது சவர்க்கார நீருள்ள பாத்திரத்தில் தட்டிவிடலாம். தீவகத்துக் காணிகளின் அளவுக்கு அது முடியாத வேலையன்று. பூவிலுள்ள பனிப்பூச்சி மழை ஆண்டுகளில் பெரிதாகத் தெரிவதில்லை.

தரிசு வேறு விதமான சிக்கல். 1990, 1991 இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தில் பலர் மீளவில்லை. உரிமையாளர் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்க, காணியில் காவிளாயும் கிலுகிலுப்பையும் நரிப்பயறும் வளர்கின்றன. இவை நல்ல பசுந்தாள். ஆனால் பயிருக்கு அருகில் பூத்து நின்றால் காய்துளைப்பானுக்கும் நாவாய்ப் பூச்சிக்கும் இடைக்காலத் தங்குமிடம். விதைப்புக்கு முன் அயற்காணியின் ஓரத்தைப் பூக்குமுன் வெட்டிக் குழையாகப் பயன்படுத்த உரிமையாளரிடம் அனுமதி பெறுவது கிராமத்தின் வேலை, தனி உழவரின் வேலையன்று.

எதிர்வாதங்கள் இரண்டு

முதலாவது: ஆள் இல்லை, கைவேலை கேட்கும் முறைகள் நடக்காது, மருந்துதான் எளிது. தொழிலாளர் தட்டுப்பாடு உண்மை. ஆனால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி நாளை மாற்றுவதையே கேட்கிறது, ஆளைக் கூட்டச் சொல்லவில்லை. விதை நாள், கவ்வாத்து நாள், பறிப்பு நாள், வெயிலில் விதை வைக்கும் நாள். மூன்று முறை தேவையில்லாமல் மருந்தடிக்கும் உழைப்பு இவற்றுக்குப் போதும்.

இரண்டாவது: இரசாயனத்தை முற்றாகத் தடை செய்தால் எல்லாம் சரியாகும். 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உரத்தினதும் விவசாய இரசாயனத்தினதும் இறக்குமதியைத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. வடக்குக்கு அதற்கு முன்னரும் 1990களின் பொருளாதாரத் தடையில் இத்தகைய அனுபவம் உண்டு. மருந்து இல்லாதிருப்பது பீடை முகாமைத்துவம் ஆகாது. மாற்று அறிவு இல்லாத இடத்தில் அது வெறும் இழப்பு. அதே வேளையில், ஆராய்ந்து செய்யும் தடைகள் உயிர் காத்திருக்கின்றன. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியவையும் 1998இல் எண்டோசல்பானும் நீக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் இலங்கையின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அறுவடை அதனால் சரியவில்லை. வீட்டுக் கூரையின் கீழ் நஞ்சுப் போத்தல் இல்லாதிருப்பதும் விவசாயக் கொள்கையின் நோக்கமாக இருக்க வேண்டும்.

வட மாகாண விவசாயத் திணைக்களத்திடமும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திடமும் ஒரு வேண்டுகோள். நெடுந்தீவையோ அனலைதீவையோ ஒரு தனி அலகாகக் கொண்டு, மூன்று போகங்களுக்கு, தீவிலேயே வெப்பமூட்டிய விதை, குறித்த விதைப்பு நாள், மொட்டுப் பருவச் சோதனை ஆகிய மூன்றையும் கமக்காரர் அமைப்போடு சேர்ந்து நடத்துங்கள். விளைச்சலோடு கிணற்று நீரையும் அளந்து பாருங்கள். பாலத்தால் இணைந்த வேலணையை ஒப்பீட்டுக்கு வையுங்கள். தொடங்க ஏற்ற நாள் வரும் பங்குனி, விதைப் பயறு வீட்டுக்கு வந்து சேரும் காலம்.